நூறு என்றால் நாலு கட்டு

முக்கூடலில் எங்கள் தெருவில் நூறு என்பது வெறும் எண் இல்லை. இருபத்தைந்து பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. நாலு கட்டு சேர்ந்தால் நூறு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம், அன்றைய கூலி கணக்கில் ஏறும். அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியில் மூடிய இலையை ஒவ்வொன்றாக எடுத்து, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டிப் போட்டுக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து பீடித் தலையை மடக்குவேன். பிற்பாடு முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஆனாலும் நூறு என்று யாராவது சொன்னால் முதலில் என் கண்ணுக்கு வருவது நூல் கட்டிய நாலு கட்டுதான்.

1983 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. எனக்குப் பதினேழு வயது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் சுளகோடு உட்கார்ந்திருக்க, சுவர் ஆணியில் டிரான்சிஸ்டர் தொங்கியது. பேட்டரி கட்டைகளை முந்தின நாள் வெயிலில் காயவைத்து மறுபடி போட்டிருந்தார் பெரியப்பா. சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட். மால்கம் மார்ஷல் போட்ட பந்தில் கெய்க்வாட் சுழியம், வெங்சர்க்கார் சுழியம். ஓர் ஓட்டம்கூட வராமல் ரெண்டு விக்கெட் போய்விட்டது. எப்போதும் முதல் ஆளாக இறங்கும் கவாஸ்கர் அந்த முறை நாலாவதாக வருவதாக இருந்தார். ஆனாலும் அவர் வந்தபோது ஆட்டம் இன்னும் தொடங்காத மாதிரிதான் இருந்தது. வந்தவர் போகவே இல்லை. ஒன்பதாவது விக்கெட்டுக்குக் கிர்மானியைக் கூட வைத்துக்கொண்டு 143 ஓட்டங்கள் சேர்த்தார். டிக்ளேர் செய்தபோது கவாஸ்கர் 236, ஆட்டமிழக்கவில்லை.

அது அவருடைய முப்பதாவது டெஸ்ட் சதம். டான் பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டிய சதம். இந்தியர் ஒருவர் டெஸ்டில் அதுவரை எடுத்திருந்த அதிகபட்சமான வினூ மன்கட்டின் 231-ஐயும் அந்த இன்னிங்ஸ் தாண்டியது. மன்கட் அதை எடுத்ததும் சென்னையில்தான். 1956-இல், சேப்பாக்கத்தில் அல்ல, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு என் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

“ஏளா, அவன் எத்தன கட்டு போட்டிருக்கான்?”

“ஒம்பது கட்டும் பதினொண்ணும்மா.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரே இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, கவனம் சிதறாமல், ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓர் எண்ணிக்கையை எட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சேப்பாக்கத்தில் அடிக்கப்பட்ட சதங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மைதானத்தின் வெயிலையும் கடல் காற்றையும் ‘விவரம் தெரிந்த’ ரசிகர்களையும் பற்றி எழுதுகிறார்கள். நான் எழுத வந்தது அங்கே போகாதவர்களைப் பற்றி. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், தாமிரபரணிக் கரையில், அந்த மைதானத்தின் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் அதன் ஒவ்வொரு மூலையையும் தெரிந்து வைத்திருந்தவர்களைப் பற்றி. எங்களுக்கு அந்த மைதானத்தைக் கட்டித் தந்தவை வானொலியில் வந்த சில தமிழ்க் குரல்கள். அந்தக் குரல்களைத் தேடி எடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

டெல்லியிலும் கல்கத்தாவிலும் ஆட்டம் நடந்தால் எங்கள் டிரான்சிஸ்டர் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசும். திண்ணையில் பெரியப்பா மட்டும் கேட்பார், எண்ணை மட்டும் எங்களுக்குச் சொல்வார். சேப்பாக்கத்தில் நடந்தால்தான் தமிழ். அதனால் எங்கள் தெருப் பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டம் என்றாலே சேப்பாக்கம்தான். பந்து வீசுபவர் எந்த முனையிலிருந்து ஓடிவருகிறார், மட்டையாளர் கால் எடுத்து வைத்தாரா பின்வாங்கினாரா, பந்து தரையோடு போனதா எழும்பிப் போனதா, பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையெல்லாம் ஒருவர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வருவார். பந்து எல்லைக்கோட்டைத் தொடும் முன்பே கூட்டத்தின் இரைச்சல் அவர் குரலை மூடிவிடும். அந்த இரைச்சலில் சுளகுகள் நிற்கும். பிறகு குரல் மேலேறி வந்து “நான்கு ஓட்டங்கள்” என்று சொன்னதும் கைகள் மறுபடி ஓடத் தொடங்கும்.

கிரிக்கெட் விதிகள் எதுவும் எங்கள் பெண்களுக்குப் புத்தகத்தில் வரவில்லை. எல்.பி.டபிள்யூ. என்றால் ‘காலைக் குறுக்க வச்சிட்டான்’ என்று ஒரு சித்தி எல்லோருக்கும் எடுத்துச் சொல்வார். பிசான அறுப்பு முடிந்த வயலில் பையன்கள் தென்னை மட்டையைச் செதுக்கி விளையாடுவார்கள். வானொலியில் மட்டையாளர் என்று சொன்னபோது எங்களுக்கு அது மொழிபெயர்ப்பாகவே படவில்லை. மட்டை வைத்திருப்பவன் மட்டையாளன், அவ்வளவுதான்.

அந்தக் குரல்களில் ஒன்று எங்கள் பக்கத்துக் குரல். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். அப்போது சாத்தான்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபரில்தான் பிரிந்தது. தன் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் வானொலியில் வந்து நிற்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வானொலி அண்ணா கூத்தபிரானின் குரலும் உண்டு. குழந்தைகளோடு பேசிய அதே கனிவோடு ஆட்டத்தையும் சொல்வார். இன்னும் சிலர் உண்டு. யார் பேசுகிறார் என்பதைப் பெயர் சொல்லாமலேயே அம்மா கண்டுபிடிப்பாள்.

1948-இல் ஓவல் மைதானத்தில் டான் பிராட்மன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸை ஆட வந்து, எரிக் ஹாலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் சுழியத்தில் ஆட்டமிழந்தார். அதை வருணித்த ஜான் ஆர்லட்டின் குரலை பி.பி.சி. காப்பாற்றி வைத்திருக்கிறது. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். அந்த மனிதரின் குரலில் உள்ள தயக்கமும் வியப்பும் என்னைக் கலங்க வைத்தன. ஒரு சுழியத்தை அவர்கள் அப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதே பிராட்மனின் சத எண்ணிக்கையை சேப்பாக்கத்தில் கவாஸ்கர் தாண்டிய நொடியைத் தமிழில் ஒருவர் சொன்னார். நாங்கள் கேட்டோம். அந்தக் குரலை என் பேத்திக்குப் போட்டுக் காட்ட நான் எங்கே போவேன்?

எண்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. 1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்தின் சிரில் வால்டர்ஸ் எடுத்த 102 முதற்கொண்டு ஒவ்வொரு சதமும் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. யார் மறந்தாலும் அவை அழியப் போவதில்லை. ஆனால் எண் தன்னந்தனியாக நின்றால் எவ்வளவு சொல்லும்? மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த 1975 பொங்கல் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்தார். இந்தியா மொத்தமே 190. அதில் ஜி. ஆர். விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97. மறுமுனையில் சந்திரசேகர் ஆட்டமிழந்ததால் மூன்று ஓட்டம் குறைந்து நின்றுவிட்டது. இந்தியா அந்த டெஸ்டை நூறு ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. அந்த 97-ஐப் பார்த்தவர்களும் கேட்டவர்களும் இன்றைக்கும் அதை அந்த மைதானத்தின் மிகச் சிறந்த இன்னிங்ஸ் என்கிறார்கள். சதங்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பீடிக் கடையிலும் இப்படித்தான். மூணு கட்டும் இருபத்திரண்டும் கொண்டுபோனால் மூணு கட்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த இருபத்திரண்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதைச் சுற்றிய விரல்களுக்கு வலி ஒன்றுதான். கடை சரியாகத்தான் எண்ணுகிறது, கட்டு என்றால் இருபத்தைந்து. பட்டியலும் சரியாகத்தான் எண்ணுகிறது. திருப்பித் தரப்பட்ட அந்த இருபத்திரண்டை நினைவில் வைத்திருக்க வேறொன்று வேண்டும். 1949-இல் தொடர்ந்து ஐந்து டெஸ்ட் சதங்கள் அடித்துவிட்டு சேப்பாக்கத்துக்கு வந்த எவர்டன் வீக்ஸ், ஆறாவதுக்குப் பத்து ஓட்டம் இருக்கும்போது ரன் அவுட் ஆனார். கே. எல். ராகுல் 2016-இல் இங்கே 199-இல் ஆட்டமிழந்தார். 2023 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு ஓட்டத்துக்கு மூன்று விக்கெட் போன நிலையில் வந்து, கடைசியில் சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்து, அதே 97-இல் நின்றார். சதமாக்கக் கணக்குப் போட்டு ஆடியவர், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்ததும் மட்டையை ஊன்றிக் குந்தியபடி உட்கார்ந்துவிட்டார். அந்த உட்கார்ந்த நிலையை எந்த எண்ணில் எழுத முடியும்? வருணிக்கத் தெரிந்த ஒரு மனிதக் குரல்தான் அதைத் தூக்கிக்கொண்டு வர முடியும்.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட், கடைசி நாள். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி விட்டு, ஜங்ஷனில் முக்கூடல் பஸ்ஸுக்காக நின்றேன். பஸ் வந்திருந்தது, ஆள் ஏறவில்லை. நிலையத்தை ஒட்டிய டீக்கடை முன்னால் நூறு பேருக்கு மேல் கூடி நின்றார்கள். அதில் பெண்கள் நாங்கள் நாலைந்து பேர்தான், கொஞ்சம் தள்ளி நின்றோம். வானொலியின் சத்தத்தை எட்டின மட்டும் கூட்டி வைத்திருந்தார் கடைக்காரர். இந்தியாவுக்கு வேண்டியது 348. கடைசி ஓவர். மேத்யூஸ் வீச, சாஸ்திரி ரெண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்தார். ஓட்டங்கள் சமம். மணிந்தர் சிங் எதிர்கொள்ள வேண்டும். எங்கள் பஸ்ஸின் கண்டக்டரும் கூட்டத்தில்தான் நின்றார், விசிலை வாயில் வைத்தபடி. ஊதவில்லை. ஒரு பந்து மிச்சமிருக்க, நடுவர் விக்ரம்ராஜு கையை உயர்த்தினார்.

அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் நிலவிய குழப்பத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. “ஜெயிச்சாச்சா, தோத்தாச்சா?” என்று ஒரு பெரியவர் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டே போனார். வெற்றி தோல்வியின்றி முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் அது டிராவுக்குச் சொல்கிற வார்த்தை. ஓட்டங்கள் சமமாகி ஆட்டம் முடிவது டெஸ்ட் வரலாற்றிலேயே இரண்டாவது முறை என்பதால் இதற்கு எங்களிடம் பேச்சு வழக்கில் ஒரு சொல்லே இல்லை. பஸ்ஸில் முக்கூடல் வரைக்கும் அந்தத் தகராறு ஓடியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “ரெண்டு பேரும் ஒரே எண்ணிக்கைம்மா.” “அப்போ ரெண்டு பேருக்கும் கூலி உண்டு” என்றாள்.

அந்த டெஸ்டில் நாலு சதங்கள். ஆஸ்திரேலியாவின் பூனுக்கும் பார்டருக்கும் ஒவ்வொன்று, கபில்தேவ் 119, எல்லாவற்றுக்கும் மேலாக டீன் ஜோன்ஸின் 210. செப்டம்பர் மாதச் சென்னைப் புழுக்கத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார். மைதானத்தில் வாந்தி எடுத்தார். ஆட்டமிழந்து போன பிறகு மருத்துவமனையில் சேர்த்து நரம்பில் நீர் ஏற்றினார்கள். அவர் தள்ளாடியதையும் ஓரமாகப் போய்க் குனிந்ததையும் மறுபடி நிமிர்ந்து மட்டையை எடுத்ததையும் வானொலியில் கேட்டபோது, எதிரணி ஆள் என்ற நினைப்பே எங்கள் திண்ணையில் இல்லை. “யாரு பெத்த பிள்ளையோ, அதுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதா?” என்று பெரியம்மை புலம்பியது என் காதிலேயே இருக்கிறது. ஜோன்ஸ் 2020 செப்டம்பரில் மும்பையில் இறந்தார். வருணனைப் பணிக்காக வந்திருந்தவர் திடீரென்று போய்விட்டார். அதே வருஷம் டிசம்பரில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் காலமானார். ஜோன்ஸின் அந்த 210 இருக்கிறது, என்றைக்கும் இருக்கும். அப்துல் ஜப்பாரின் எத்தனை மணி நேரக் குரல் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது?

தொலைக்காட்சி வந்தபிறகு கேட்பது குறைந்தது. 1997 மே மாதம், கத்திரி வெயில் நாள்களில், பாகிஸ்தானின் சயீத் அன்வர் ஒருநாள் ஆட்டத்தில் 194 அடித்ததைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். அன்றைய உலக சாதனை அது. களைப்பில் அவருக்காக அப்ரிடி ஓடினார். அடிபட்டவர்கள் நாம், ஆனாலும் சேப்பாக்கம் எழுந்து நின்று கை தட்டியது. 1999 ஜனவரி 31-இல், அதே பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில், 271 என்ற இலக்கைத் துரத்தி டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 எடுத்தார். 17 ஓட்டம் தேவைப்படும்போது அவர் ஆட்டமிழந்தார், நாலே ஓட்டத்தில் மற்றவர்கள் போனார்கள், 12 ஓட்டத்தில் தோல்வி. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தது, கூட்டம் மறுபடி எழுந்து நின்றது. அன்றைக்கு நான் அழுதேன். ஆனால் ஒன்று கவனித்தேன். திரையில் எல்லாம் தெரிந்ததால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து “என்ன ஆச்சு?” என்று கேட்டதற்கு யாரும் திரும்பக்கூட இல்லை.

இன்றைக்குத் தமிழில் தொலைக்காட்சி வருணனை உண்டு. நன்றாகவே பேசுகிறார்கள். அது பார்த்துக்கொண்டிருப்பவரோடு பேசுகிற பேச்சு. நான் சொல்வது பார்க்க முடியாதவருக்குக் கண்ணாக இருந்த பேச்சு. அது தனிக் கலை. தமிழில் அதைச் செய்தவர்கள் ஒரு விளையாட்டுக்கே சொல் தேடித் தந்தவர்கள்.

சேப்பாக்கத்தின் மற்ற பெரிய சதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லப்போவதில்லை. 2008-இல் சேவாக்கின் 319, 2016-இல் வர்தா புயல் அடித்த சில நாள்களில் கருண் நாயரின் 303, இவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஜோ ரூட் தன் நூறாவது டெஸ்டில் 218 அடித்தார். கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அவ்வளவு பெரிய இன்னிங்ஸ், கேலரி முழுக்கக் காலி நாற்காலிகள். அடுத்த வாரம் பாதிக் கூட்டத்தை உள்ளே விட்டார்கள். மேற்கு மாம்பலத்துப் பையன் அஸ்வின் அதே மைதானத்தில் 106 அடித்தபோது, மறுமுனையில் நின்ற சிராஜ் தானே சதம் அடித்த மாதிரி குதித்தார், கூட்டம் கத்தியது. ரூட்டின் இன்னிங்ஸ் பெரியது, ஆனால் எல்லோருக்கும் நினைவிருப்பது அஸ்வினுடையது. அடித்ததைப் பார்த்துச் சத்தம் போட ஓர் ஆள் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சத்தத்தை ஊர் கடந்து கொண்டுவர இன்னோர் ஆள் வேண்டும்.

என் கோரிக்கையைத் தெளிவாகவே வைக்கிறேன். ஒலிநாடாவின் மேலேயே மறுபடி பதிவு செய்து பழையதை இழப்பது ஒரு காலத்தில் உலகெங்கும் ஒலிபரப்பு நிலையங்களில் இருந்த வழக்கம். ஆகவே எல்லாம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சென்னை வானொலி நிலையமும் திருநெல்வேலி நிலையமும் தங்கள் ஒலிநாடா அறைகளை ஒருமுறை முழுசாகத் தேடிப் பார்க்க வேண்டும். சேப்பாக்கத்துத் தமிழ் வருணனையில் பத்து நிமிஷம் கிடைத்தாலும் அதை எண்மமாக்கி மக்கள் கேட்கத் தர வேண்டும். அப்புறம் நம் வீடுகள். எண்பதுகளில் டூ-இன்-ஒன் வைத்திருந்தவர்கள் கல்யாண மந்திரத்தையும் குழந்தையின் மழலையையும் பதிந்தது போல கிரிக்கெட்டையும் பதிந்தார்கள். வளைகுடாவிலிருந்து வந்த அந்தப் பெட்டிகள் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுக்கு ஒன்று இருந்தன. பரணில் கிடக்கும் கேசட்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் திறந்த புதிய பார்வையாளர் மாடத்துக்குக் கலைஞர் கருணாநிதி பெயர் வைத்தீர்கள். அந்த மைதானத்தில் தமிழ் வருணனை அறை ஒன்றுக்கு சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் பெயர் வைக்க வேண்டும். நெல்லைக்குப் பக்கத்தில் தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. 2023 இறுதி ஆட்டமே அங்கேதான் நடந்தது. அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளில் நாலு பேருக்கு மைக்கைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு ஆட்டம் தெரியும்படி தமிழில் சொல்லப் பழக்கலாம். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

நான் சேப்பாக்கத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 2024 ஜூன் 28. ஐம்பத்தெட்டு வயதில். இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பெண்கள் டெஸ்ட். என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது, பாளையங்கோட்டையில் பள்ளி அணியில் ஆடுகிறாள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, நேரே போனோம். கூட்டம் அதிகமில்லை. படி ஏறி மேலே போனதும் அந்தப் பச்சையைப் பார்த்து நின்றுவிட்டேன். “என்ன ஆச்சி, உக்காருங்க” என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள். எனக்குத் தெரிந்த இடம் அது, ஆனால் ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, யாரும் பேசவில்லை. பந்து வருகிறது, மட்டையில் படுகிறது, போகிறது. சொல்வதற்கு ஆள் இல்லை.

ஷெஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் ஆடத் தொடங்கினார்கள். முதல் விக்கெட்டுக்கு 292. மந்தனா 149-இல் போனார். அந்த ஒரே நாளில் இந்தியா நாலு விக்கெட்டுக்கு 525. ஆண்கள் டெஸ்டிலும் ஒரே நாளில் எந்த அணியும் அவ்வளவு எடுத்ததில்லை. சேப்பாக்கத்தின் சதங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த இருவரின் சதங்களையும் கவாஸ்கர் வரிசையிலேயே எழுத வேண்டும், தனித் தாளில் அல்ல.

மதியம் கடல் காற்று எழும்பியபோது அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்குப் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. முக்கூடலில் தம்பி வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், விரல்கள் மட்டும் மடியில் இல்லாத சுளகில் எதையோ சுற்றிக்கொண்டே இருக்கும். “சேப்பாக்கத்துல இருக்கேம்மா” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அங்கயா?” என்றாள். “சொல்லு.”

சொல்லத் தொடங்கினேன். பந்து வீசுகிறவள் எத்தனை அடி ஓடிவருகிறாள், ஷெஃபாலி மட்டையை எப்படிப் பிடித்திருக்கிறாள், தலைமுடி தொப்பிக்கு வெளியே எப்படி இருக்கிறது. வார்த்தைகள் எங்கிருந்தோ வந்தன. நான் கற்றுக்கொண்டவை அல்ல, நாற்பது வருஷமாக உள்ளே கிடந்தவை. டெல்மி டக்கர் பந்தில் அடுத்தடுத்து ரெண்டு சிக்ஸர். பிறகு தட்டிவிட்டு ஓர் ஓட்டம். இருநூறு.

“எட்டு கட்டு” என்றாள் அம்மா, நான் சொல்வதற்கு முன்னால்.

இன்னும் ஐந்து ஓட்டம் சேர்ந்தது. ஜெமிமா ரோட்ரிக்ஸும் ஷெஃபாலியும் ஓடும்போது ஒருவரையொருவர் சரியாகக் கவனிக்கவில்லை. நடு வழியில் ஷெஃபாலி நின்றுவிட்டாள். ரன் அவுட். 205.

“எட்டு கட்டும் அஞ்சும்” என்றேன்.

“யாரு கூப்பிட்டு ஓடுனா?”

சொன்னேன்.

“சரி போவட்டும். அழுதாளா?”

“இல்லம்மா. மட்டையத் தூக்கிக் காட்டிட்டுப் போறா. எல்லாரும் எந்திரிச்சு நிக்கோம்.”

பேத்தி போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டாள். மாடத்துக்குக் கீழே ஹர்மன்பிரீத் கௌர் கையுறையை இழுத்துவிட்டபடி இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“அடுத்தவ வாறாளா?” என்றாள் அம்மா. “எப்படி நடந்து வாறா, அதச் சொல்லு.”